பூட்டிய வீட்டில் நெஞ்சு வலி

வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு, எந்த நோய்நொடியும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதனைக் காப்பாற்ற ஏழு பேர் சேர்ந்து கதவை உடைத்த சம்பவம் எங்கள் தெருவில் நடந்திருக்கிறது. அந்த மனிதன் நான்தான். அதில் என் தப்பு துளிகூட இல்லை என்று எட்டு நாள் சாதித்தேன். ஒன்பதாவது நாள் சாதிக்க முடியவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் இருபத்தோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். மெஷின் ஓடும் ஹாலில் பக்கத்தில் நிற்பவனிடம் 'டீ குடிச்சியா' என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து குரலை எடுக்க வேண்டும். ஒருநாள் மில்லை மூடிவிட்டார்கள். வேலை போய்விட்டது, குரல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. (செட்டில்மெண்டில் அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் போல.)

மெடிக்கல் கோடிங் என்று ஒரு வேலை இருப்பதை எனக்குச் சொன்னவள் மகள் நிவேதா. கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஒருவன் கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டால், டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, எந்த எலும்பு, எந்தப் பக்கம், எப்படி விழுந்தான் என்பதற்கெல்லாம் தனித்தனியாக நம்பர் போட வேண்டும். அந்த நம்பரை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கிடைக்கும். "உங்களுக்குக் குறை கண்டுபிடிக்கிறது நல்லா வரும்லப்பா. இம்புட்டு நாளா நூல்ல கண்டுபிடிச்சீங்க, இனிமே உடம்புல கண்டுபிடிங்க" என்றாள். பெற்ற மகளின் வாயால் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

மதுரையில் ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வும் முடிந்தது. சான்றிதழோடு வந்தால் அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேரலாம் என்றார்கள். சான்றிதழுக்கான பரீட்சையை இரண்டு தடவை எழுதலாம். முதல் தடவை நேரம் போதாமல் இருபது கேள்விகளைத் தொடாமலே விட்டுக் கோட்டைவிட்டேன். இரண்டாவதுதான் கடைசி. அதுவும் போனால் ஒட்டன்சத்திரத்தில் மச்சினனின் காய்கறிக் கமிஷன் மண்டிதான் கதி. என் கல்யாணத்தில் டவுசர் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன். "நம்ம கடைல வந்து உக்காருங்க மாமா, உங்களை யாரு என்ன சொல்லப் போறாங்க" என்று வாரம் தவறாமல் போன் செய்வான். அவ்வளவு பிரியமாகக் கூப்பிடுவான். அந்தப் பிரியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எட்டு மாதமாக வீடு என் மனைவி ஜெயந்தியின் தையல் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. நான் படிப்பதற்காக முன்னறையை விட்டுக்கொடுத்து, மெஷினை அடுப்படிக்கு நகர்த்திக்கொண்டாள். தாளிக்கும்போது கடுகு தெறித்துவிடாமல் ஊரார் ப்ளவுஸ் துணிகளை முந்தானையால் மூடிக்கொண்டு தைப்பாள்.

நான் படிக்கும் முறை இதுதான். கேள்வியை ஆங்கிலத்தில் ஒரு தடவை படிப்பேன். அதையே தமிழில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்போதுதான் மண்டையில் ஏறும். எல்லாம் மனசுக்குள்தான். ஜெயந்தி மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"ஏங்க, செத்த மெதுவாப் படிங்களேன். அளவு குடுக்க வந்த பொம்பளைக உங்க கர்ப்பப்பை பாடத்தைக் கேட்டுட்டு அளவு குடுக்காமயே ஓடுதுக."

"நான் மனசுக்குள்ளதான படிக்கிறேன், உனக்கு எப்படிக் கேக்குது" என்றேன். அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் மனசுக்குள் படிப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். லேப்டாப் கேமரா வழியாக எங்கிருந்தோ ஓர் அம்மா நாலு மணி நேரமும் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் வரக்கூடாது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூடாது. போனை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிட வேண்டும். பேசக்கூடாது. தேதியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றதும் காலண்டரில் சிவப்பாகத் தெரிந்த ஒரு நாளைப் பிடித்தேன். லீவு நாள், தெரு அமைதியாக இருக்கும் என்பது என் கணிப்பு. அந்தச் சிவப்பு ஆயுத பூஜை என்பதைப் பதிவு செய்த பிறகுதான் பார்த்தேன். எங்கள் தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் ஆட்டோக்காரர்களுக்குத் திருவிழா என்றால் அது அன்றைக்குத்தான். திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவன் போட்ட கணக்கு இது. தேதியை மாற்றினால் மதுரை வேலைக்குள் முடிவு வராது.

ஜெயந்தி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் அடுக்கிவிட்டால் மறுநாள்தான் எடுத்துப் படிக்க வேண்டும். என் பரீட்சையோ புத்தகத்தைப் பார்த்து எழுதும் பரீட்சை. மூன்று தடிப் புத்தகங்கள் இல்லாமல் ஒரு நம்பரும் போட முடியாது. கடைசியில் அவளே ஒரு சமரசத்துக்கு வந்தாள். விடியற்காலையிலேயே பூஜையை முடித்து, என் புத்தகங்களைச் சாமியிடமிருந்து எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நிவேதாவின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஜாமீனாக வைத்தாள். (நிவேதா அந்தப் புத்தகத்தைத் திரும்பக் கேட்கவே இல்லை.)

இன்னொரு சிக்கல் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வீடு பொரியும் சுண்டலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கதவைத் தட்டினால் திறக்காமல் இருக்க முடியுமா? அதற்கும் நான்தான் வழி கண்டுபிடித்தேன். எல்லோரும் ஊருக்குப் போகிறோம் என்று தெருவில் சொல்லிவிட்டு, என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு, ஜெயந்தியும் நிவேதாவும் ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் ஜெயந்தியின் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"நல்ல நாளும் அதுவுமா உள்ள ஆளை வச்சு வெளிய பூட்டுறதா? எனக்கு ஒப்பலைங்க."

"பூட்டுனு சொன்னா பூட்டு" என்றேன். பூட்டினாள். திண்டுக்கல் பூட்டு, நாலு லீவர். சாவி அவளோடு பஸ் ஏறியது.

காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. பத்து மணிக்குள் சோதனை எல்லாம் முடியாவிட்டால் பரீட்சை தானாகவே ரத்து. லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் என் முகம் தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு மூட்டம், நடுவில் சிவப்பு. கண்காணிப்பாளர் அம்மா, நீங்கள் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். கொஞ்சம் முன்னால் நகர்ந்தேன். இன்னும் தெரியவில்லை என்றார். மூக்கு திரையில் இடிக்கும் வரை நகர்ந்தேன். மணி ஒன்பது ஐம்பத்து நாலு.

அப்புறம்தான் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு ஜெயந்தி வீட்டிலிருக்கும் எல்லாச் சாமான்களுக்கும் பொட்டு வைத்திருந்தாள். கேஸ் அடுப்பு, மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர். எதற்கும் நெற்றி எங்கே என்று பார்த்துத்தான் வைப்பாள். லேப்டாப்புக்கும் நெற்றி பார்த்து, திரைக்கு மேலே நட்டநடுவில், கேமரா ஓட்டையின் மேல் கொழுகொழுவென்று சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். கட்டைவிரலால் துடைத்தேன். மஞ்சள் இன்னும் அகலமானது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி கட்டியிருந்தேன். வேறு வழியில்லாமல் கைலியின் நுனியை உயர்த்தி அழுத்தித் துடைத்தேன். கேமரா பளிச்சென்று ஆனதும் அந்த அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது உயர்த்திய கைலிதான்.

அடுத்து புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து உதறிக் காட்டச் சொன்னார். உள்ளே துண்டுச்சீட்டு இருக்கக்கூடாதாம். முதல் புத்தகத்திலிருந்து சாமந்தி இதழ்கள் உதிர்ந்தன. இரண்டாவதிலிருந்து ஒரு மயிலிறகு. மூன்றாவதிலிருந்து காலண்டர் தாளில் மடித்த விபூதி. அந்தத் தாளைக் கேமராவில் காட்டச் சொல்லி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வியர்த்து ஊற்ற, நல்ல நேரம் ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். மணி ஒன்பது ஐம்பத்தொன்பது. "அப்படியானால் சீக்கிரம் ஆரம்பியுங்கள்" என்றார். இனிமேல் ஏதாவது சொல்ல வேண்டுமானால் திரையில் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு அவர் குரல் மறைந்துபோனது.

முதல் கேள்வியை நான் படிப்பதற்குள் ஆட்டோ ஸ்டாண்டில் ஸ்பீக்கரைத் திருப்பிவிட்டார்கள். சாமி பாட்டில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எனக்கு அது ஒரு தொந்தரவாகவே தெரியவில்லை. மில்லில் வேலை பார்ப்பது மாதிரியே இருந்தது. வெளியே சத்தம் கூடக்கூட நானும் மனசுக்குள் கொஞ்சம் அழுத்திப் படித்தேன். திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் அவ்வப்போது மின்னியது. நான் போட்டிருந்தது புத்தகம் படிக்கும் கண்ணாடி, மூலையில் இருந்த பொடி எழுத்து தெரியவில்லை. இந்த ஆன்டிவைரஸ்காரர்களுக்கு நேரம் காலமே கிடையாது என்று திட்டிவிட்டு, அதைப் பார்க்காமலே ஓட்டினேன்.

மூன்று மணி நேரம் பறந்துவிட்டது. எண்பத்திரண்டு கேள்விகள் முடிந்திருந்தன. போன தடவை மாதிரி இல்லை, கையில் நேரம் மிச்சம் இருந்தது. பாஸாகிவிடுவேன் என்று முதல் தடவையாகத் தோன்றியது. மதுரை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு நினைப்புகூட வந்தது. எண்பத்து மூன்றாவது கேள்விக்கு வந்தேன். அதே நேரம் ஆட்டோ ஸ்டாண்டில் பூசணிக்காய் உடைக்கும் நேரமாகி, ஸ்பீக்கரைப் பட்டென்று நிறுத்தினார்கள். அது எனக்கு உறைக்கவில்லை.

எதிர்வீட்டு சரோஜா அக்கா, நாங்கள் ஊருக்குப் போவதை மறந்துவிட்டு, அப்போதுதான் சுண்டல் தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரத்தில், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டிருக்கிறது. மில் குரல். அவர் கேட்டது இதுதான்:

"ஆம்பளை, அம்பத்திரண்டு வயசு... நெஞ்சு வலி... இடது கைக்குப் பரவுது... மூச்சு முட்டுது... வேர்த்துக் கொட்டுது... ஒரு மணி நேரமா இப்படித்தான் இருக்கு..."

சுண்டல் தட்டு வாசலில் விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது. அடுத்த நிமிடம் கதவு தடதடவென்று அதிர்ந்தது. "தம்பி, தம்பி, என்னய்யா செய்யுது உனக்கு" என்று சரோஜா அக்கா கத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. பதில் சொன்னால் பரீட்சை போச்சு. எழுந்து போனாலும் போச்சு. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் உண்மையிலேயே வாயை மூடியது அந்த ஒரு தடவைதான். அதுதான் வினையாகிவிட்டது.

"ஐயோ, பேச்சு நின்னு போச்சே" என்று அக்கா அலறினார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து காஜா பாய் ஓடிவந்தார். ஸ்டாண்டுக்கு அவர்தான் தலைவர், என்னைவிட ரெண்டு வயது இளையவர். என் போனுக்கு அடித்துப் பார்த்தார்கள், அணைத்து வைத்திருந்தேன். ஜெயந்திக்கு அடித்தார்கள், அவள் போன் அக்கா வீட்டில் எந்த அறையில் கிடந்ததோ. புருஷன் பொண்டாட்டிக்குள் ஏதோ சண்டை, கோபத்தில் பூட்டிவிட்டுப் போய்விட்டாள் என்றும் ஒருவர் சொல்வது கேட்டது. "ஏலே, பேசிக்கிட்டு நிக்காதீங்கடா, கடப்பாரையை எடுத்துட்டு வாங்க" என்றார் காஜா பாய்.

உள்ளே நான் எண்பத்து நாலாவது கேள்வியில் இருந்தேன். பதினேழு கேள்விகள் பாக்கி. வெளியே கடப்பாரை விழ விழ நான் ஒரு பக்கத்தைப் புரட்டி ஒரு நம்பரைத் தட்டினேன். இடி விழுந்தது, சிறுநீரகம் முடிந்தது. இடி விழுந்தது, முழங்கால் முடிந்தது. வாய் பேசாமல், தமிழாக்கம் செய்யாமல் என் வாழ்க்கையில் நான் போட்ட கேள்விகள் அவை மட்டும்தான். பூட்டு அசையவே இல்லை. அந்தப் பூட்டைச் செய்தவர் நல்லா இருக்க வேண்டும், எனக்குப் பதினோரு கேள்விகளை அவர்தான் வாங்கிக் கொடுத்தார். இன்னும் ஆறு. இன்னும் ஐந்து நிமிடம் கொடு சாமி என்று அந்த ஜாமீன் புத்தகத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். பூட்டு தாங்கியது, நாதாங்கி தாங்கவில்லை. மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

ஏழு பேர் உள்ளே பாய்ந்தார்கள். நான் நாற்காலியோடு சாய்க்கப்பட்டேன். ஒருவர் சட்டைப் பொத்தானைப் பிய்த்தார், ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார், காஜா பாய் என் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தார். நான் நல்லாத்தான் இருக்கேன் என்று கத்த முயன்றேன்.

"பேசாதீங்கண்ணே. நீங்க பேசவே கூடாது."

தரையில் கிடந்தபடி திரையைப் பார்த்தேன். பரீட்சைப் பக்கம் மூடிக்கொண்டது. கடைசி ஆறு கேள்விகளும், மதுரை பஸ்ஸும், ஜன்னலோர சீட்டும் அதோடு போயின. என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, விலா எலும்பில்தான் கொஞ்சம் வீக்கம் என்றார் டாக்டர். (அதற்கு என்ன நம்பர் என்று எனக்குத் தெரியும்.)

விஷயம் தெரிந்து ஜெயந்தி அரக்கப்பரக்க ஓடிவந்தாள். தெருவே கூடி நின்ற இடத்தில், உடைந்த கதவுக்கு முன்னால் வைத்து அவளைக் கேட்டேன். "உன்னை யாரு கேமராவுல பொட்டு வைக்கச் சொன்னது? ஆரம்பத்துலயே அவங்களுக்கு என் மேல சந்தேகம் வந்துருச்சு. எல்லாம் உன்னாலதான் போச்சு." அவள் என் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து அவளிடம் பேசுவதை நிறுத்தினேன். தட்டை வைத்தால் சாப்பிட்டேன், தண்ணீர் வைத்தால் குடித்தேன். ஒரு வார்த்தை கிடையாது. பரீட்சை முடிந்து, முன்னறை காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் அவள் தையல் மெஷினை அங்கே திரும்பக் கொண்டுவரவில்லை. அடுப்படியிலேயே தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் பரீட்சை நடத்தியவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நிவேதா அதை வாசித்துத் தமிழில் சொன்னாள். கேமரா கறை பரீட்சை ஆரம்பிப்பதற்கு முன்பே சரிசெய்யப்பட்டது, அது ஒரு குற்றமே இல்லை. பூவும் மயிலிறகும் குற்றமில்லை. வெளியே கேட்ட பாட்டுச் சத்தம் குற்றமில்லை. கதவு உடைந்தது அவசர நிலை, அதற்கும் பரீட்சையை ரத்து செய்வதில்லை, மறு தேதி கொடுத்திருப்பார்கள். பரீட்சை ரத்தானதற்கு ஒரே காரணம்தான்: திரையில் மூன்று முறை எழுத்தில் எச்சரித்தும், பரீட்சை எழுதியவர் ஆரம்பம் முதல் உரத்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்.

அந்த மஞ்சள் கட்டம் ஆன்டிவைரஸ் இல்லை.

அடுப்படியில் மெஷின் நின்றது. ஜெயந்தி நிலைப்படியில் வந்து நின்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இந்த எட்டு நாளா எங்கிட்ட வாயைத் திறக்காம இருந்தீங்கள்ல. அதை அன்னைக்கு நாலு மணி நேரம் செஞ்சிருந்தாப் போதும்ங்க."

நிவேதா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு என்னோடதுதான் ஜெயந்தி, மன்னிச்சிரு என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். எதிர்வீட்டிலிருந்து சரோஜா அக்கா, "அப்பாடா, பேசிட்டாரு" என்றார்.

மதுரை வேலை போனது போனதுதான். ஒட்டன்சத்திரம் மண்டியில் ஐந்து மாதம் உட்கார்ந்தேன். மச்சினனுக்கு என் குரல் ரொம்பப் பிடித்துவிட்டது. ஏலம் விட இப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லையே என்று இத்தனை நாள் தவித்தானாம். மண்டிக்குப் போய் வந்த நேரம் போக, மறுபடியும் பணம் கட்டிப் படித்தேன். இந்தத் தடவை காவலுக்கு ஆள் போட்டாள் ஜெயந்தி. என் குரல் ஆட்டோ ஸ்டாண்ட் வரை கேட்டால் காஜா பாய் ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். முதல் வாரம் தெருவில் ஒருவரும் மத்தியானம் தூங்க முடியவில்லை. நாலாவது மாதம் ஹாரன் அடங்கியது. பாஸ் செய்தேன். இப்போது வேறொரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னறையில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் தையல் மெஷின்.

காஜா பாய்க்கு ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை. "எல்லாம் சரிண்ணே, அம்பத்திரண்டு வயசுன்னு உங்க வாயாலயே சொன்னீங்களே. அப்ப வயசைக் குறைச்சுத்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்களா" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். நான் கொஞ்சம் குரலை உயர்த்தி விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ஹாரனை அழுத்துகிறார்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஜெயந்தி என் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிறாள். கேமராவை விட்டுவிட்டு, கீழே ஓர் ஓரமாக. மிக்ஸி, மெஷின், ஸ்கூட்டர் என்று வரிசையாக முடித்துவிட்டு, கிண்ணத்தோடு கடைசியில் என்னிடம் வருவாள். நான் நெற்றியைக் காட்டுவேன். அவள் நெற்றியை விட்டுவிட்டு, விரலில் மிச்சம் இருக்கும் சந்தனத்தை என் வாய்மேல் பொட்டாக வைப்பாள்.

"வீட்ல ஓயாம ஓடுற மெஷின் இதுதானங்க. இன்னைக்கு ஒரு நாள் அதுக்கும் லீவு விடுவோம்."